‘இந்த வயசுல பியானோவா?’ – ஒரு கேள்வியின் வரலாறு

முப்பது வயதுக்குமேல் ஒருவர் பியானோ கற்கத் தொடங்கினால் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. ‘இந்த வயசுலயா?’ என்பது முதல் கேள்வி. இது எல்லோரிடமும் கேட்கப்படுவது. ‘உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?’ என்பது இரண்டாவது. இது சேரியிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும் கேட்கப்படுவது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதிகளில் பணியாற்றும் நாங்கள் இந்த இரண்டையும் பலமுறை கேட்டுவிட்டோம். கைமாறி வந்த ஒரு கீபோர்டையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு மாலையில் கற்கத் தொடங்கிய தோழர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். தையல் வேலைக்குப் போகிறவர், சிற்பக்கூடத்தில் கல் மெருகேற்றுகிறவர், சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிக்கிறவர் எனப் பலர். யாருக்கும் மேடை ஏறும் ஆசை பெரிதாக இல்லை. கற்க வேண்டும் என்று தோன்றியது, தொடங்கினார்கள்.

அவர்களிடம் கேட்கப்படும் இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. ஒருவர் எந்த வயதில் இசை கற்கத் தொடங்குகிறார் என்பதை அவர் குடும்பத்துக்கு நிலம், வீடு, ஓய்வு, ஆசிரியர் ஆகிய நான்கும் எப்போது கிடைத்தன என்பதே தீர்மானித்திருக்கிறது. அச்சிட்ட பயிற்சிப் புத்தகம் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை போட்டது. அந்த ஓட்டை எவ்வளவு பெரியது, எங்கே போய் நின்றது என்பதைப் பார்ப்போம்.

ஐந்து வயதில் தொடங்குகிறவர் யார்?

இசையைச் சிறு வயதிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது ஊரறிந்த விதி. இந்த விதியைச் சொன்னவர்களின் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அப்பா பாடுவார், மாமா வீணை வாசிப்பார். இல்லையென்றால் குருவின் வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளை அங்கேயே உண்டு, உறங்கி, ஏவல் செய்து, கேட்டுக் கேட்டுக் கற்கும். குருகுலம் என்பது ஒரு பாடத்திட்டம் மட்டும் அல்ல, அது ஒரு வீடு. அந்த வீட்டின் திண்ணையைக்கூடத் தாண்ட முடியாத சாதிகளுக்கு ‘ஐந்து வயது’ விதி எப்படிப் பொருந்தும்?

நம் பிள்ளைகளும் ஐந்து வயதில் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் அடிக்கும் அடியைப் பார்த்து, கிடைத்த தகரத்தில் தட்டித் தட்டிப் பறையின் அடவுகளைப் பிடித்தார்கள். அதைக் கல்வி என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. ‘சாதித் தொழில்’ என்று எழுதினார்கள். அக்கிரகாரத்துப் பிள்ளை அப்பாவிடம் கற்றால் பாரம்பரியம், சேரிப் பிள்ளை அப்பாவிடம் கற்றால் தொழில். இந்த இரட்டை அளவுகோலை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

குடிசை நின்ற மண்

1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பஞ்சமி நிலப் போராட்டத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அறிக்கை தெரியும். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வருவதற்கு அடிப்படையாக இருந்தது இதுதான். இசை மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்கிறோம்.

அறிக்கை காட்டும் முக்கியமான உண்மை, வயல் மட்டுமல்ல, குடிசை நின்ற மனையே மிராசுதாரின் பிடியில் இருந்தது என்பது. சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால், கூலி கூடக் கேட்டால், அந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்படலாம். நாளைக்கே காலி செய் என்று சொல்லப்படக்கூடிய வீட்டில் எந்த இசைக்கருவி இருக்க முடியும்? சுவரோரம் நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதற்கு ஒழுகாத கூரை வேண்டும், ஈரம் ஏறாத தரை வேண்டும், கடல்காற்றின் உப்பு படாத அறை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பத்து வருடம் கழித்தும் இதே வீட்டில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய, நெருப்பில் காய்ச்சி உடனே அடிக்கக்கூடிய பறை நம்மிடம் இருந்ததற்கும், பியானோ இல்லாததற்கும் ரசனை காரணம் அல்ல. மனைப்பட்டா காரணம்.

அந்த நிலமும் நம் கையில் நிலைக்கவில்லை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய மக்கள், அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்கள் ஏன் ஐந்து வயதில் பியானோ கற்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தத் தேதியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எது அந்நியம்?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ‘உங்களுக்கு எதுக்கு இது?’ என்பதற்குள், பியானோ வெள்ளைக்காரன் கருவி, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்ற எண்ணமும் ஒளிந்திருக்கிறது. வயலினைப் பார்த்து இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வயலின் கர்நாடக இசைக்குள் வந்த கதை நம் வட்டாரத்துக் கதை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக்கு வடக்கே மணலியில் குடும்பம் தங்கியிருந்தபோது, மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அதே காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். ‘நோட்டுஸ்வரம்’ என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘நோட்டு’ என்பதே ஆங்கிலச் சொல்தான். ஓர் ஐரோப்பியக் கருவி சில தலைமுறைகளுக்குள் சபா மேடையின் நிரந்தர அங்கமாகிவிட்டது. பணம், ஆதரவு, நேரம் ஆகிய மூன்றும் இருந்த குடும்பம் அதை எடுத்ததால் அது பாரம்பரியமானது.

ஹார்மோனியத்தின் கதை வேறு. 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கட்டைக் கருவி, மிஷனரிகள் வழியாகவும் நாடகக் கம்பெனிகள் வழியாகவும் தமிழ்நாட்டின் பட்டிதொட்டி எங்கும் பரவியது. கூத்து மேடை, நாடகக் கொட்டகை, பஜனை, தேவாலயம் என்று அது போகாத இடமில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. சுமார் முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. நம் இசையின் கமகங்களை அந்தக் கட்டைகளால் காட்ட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். இந்தக் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள சுரத்தை ஹார்மோனியத்தில் வழுக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் சாதாரண மக்கள் கைக்கு எட்டிய கட்டைக் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதும், தடை விழுந்தது அதன்மேல் என்பதும் வரலாறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கர்நாடக இசைப் பாடகரிடம் அவருடைய சுருதியைக் கேட்டுப் பாருங்கள். ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்பார். அந்தக் ‘கட்டை’ ஹார்மோனியத்தின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால், இடையில் வரும் கருப்புக் கட்டை ஒன்றரை, இரண்டரை. கருவியை வாசலில் நிறுத்தியவர்கள் அதன் அளவுகோலை உள்ளே வைத்துக்கொண்டார்கள். கீபோர்டின் முன்னால் முதல்முறை உட்காரும் நம் தோழர்களிடம் நாங்கள் சொல்வது இதைத்தான்: நீங்கள் தொடும் முதல் வெள்ளைக் கட்டை ‘சி’, அதுதான் தமிழில் ‘ஒரு கட்டை’. பெயர் ஏற்கெனவே நம் மொழியில் இருக்கிறது.

வாய்மொழியிலிருந்து அச்சுக்கு

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பியானோ பிரபுக்களின் கூடத்துக் கருவியாகத்தான் இருந்தது. தொழிற்சாலைகள் பியானோக்களைச் செய்து குவிக்கத் தொடங்கியபின், அவற்றை வாங்கிய நடுத்தர வர்க்கத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை. அந்தத் தேவையில் வளர்ந்தது பயிற்சிப் புத்தகம். கிளெமென்டி 1801இல் லண்டனில் வெளியிட்ட புத்தகம் இவ்வகையில் முன்னோடி. நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் பேயர், 1873இல் பிரான்சில் ஹனோன். இந்தப் பெயர்களை இன்றும் ஆசியா முழுவதும் பியானோ மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பயிற்சி செய்கிறார்கள்.

ஏழைகளுக்கான வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் உருவாக்கிய முறையை எடுத்துக்கொண்டு, ஜான் கர்வென் என்ற போதகர் 1840களிலிருந்து ‘டானிக் சோல்ஃபா’ முறையைப் பரப்பினார். ஐந்து கோடுகள் வேண்டாம், தனி அச்சு எழுத்துகள் வேண்டாம். டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்துகளைச் சாதாரண எழுத்துகளாலேயே அச்சிடலாம். அச்சு மலிந்தது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர்களும் நான்கு குரலில் பாடக் கற்றார்கள். மிஷன்கள் இம்முறையைக் கடல்கடந்து கொண்டுவந்தன. தமிழ்நாட்டுத் திருச்சபைப் பாடகர் குழுக்களில் இன்றும் இம்முறையில் பாட்டைப் படித்துப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையிலும் அச்சு வேலை செய்தது. ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர், வாய்மொழியாக மட்டும் கைமாறிவந்த கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி 1893இல் வெளியிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்துதான் எட்டயபுரத்தின் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூலை அச்சில் கொண்டுவந்தார். தன் குடும்பத்துச் சொத்தை ஊருக்கு அச்சிட்டுக் கொடுப்பது அன்று எளிய முடிவல்ல. ஏனென்றால் அச்சில் வந்த பாட்டு, படிக்கத் தெரிந்த யாருக்கும் சொந்தம்.

அதே 1893இல்தான் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் இரண்டு அச்சகங்கள் செய்த வேலையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பூட்டி வைத்திருந்த இசையைக் காகிதத்தில் இறக்கியது. மற்றொன்று, இழிசொல்லாக வீசப்பட்ட பெயரை இதழின் தலைப்பாக நிமிர்த்திப் பிடித்தது. இரண்டுக்கும் வாசகனிடம் வேண்டியிருந்த தகுதி எழுத்தறிவு. குலம் எது என்று காகிதம் கேட்பதில்லை.

விலை எவ்வளவு என்று கேட்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் நிறுவனம் சென்னையில் பியானோக்களும் ஆர்கன்களும் விற்றது. அதுவே பின்னாளில் அண்ணா சாலையின் மியூசி மியூசிகல் ஆனது. 1872இல் லண்டனில் நிறுவப்பட்ட டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வுகள் கடல்கடந்து இங்கும் வந்தன. வகுப்பு வகுப்பாகப் பாடத்திட்டம், இன்ன பாட்டு, இன்ன அளவுச் சுரவரிசை. யாருடைய சீடன் என்ற கேள்வி அந்தத் தேர்வில் இல்லை. கட்டணம் கட்டினாயா என்ற கேள்வி உண்டு. குலத்தின் வாசல் போன இடத்தில் பணத்தின் வாசல் வந்தது. நமக்கு இரண்டுமே வாசல்தான். என்றாலும் இரண்டாவதைக் கடக்க ஒரு சாத்தியம் இருந்தது.

இருபத்தைந்து வயதில் ஒரு மாணவர்

அந்தச் சாத்தியத்தைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்தது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா 1968இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. மேற்கத்திய இசைக் குறியீட்டை முறையாகக் கற்றது சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம். மயிலாப்பூரின் ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு ஒரு தலைமுறைத் திரை இசைக் கலைஞர்களுக்குப் பியானோவும் குறியீடும் கற்பித்தவர் அவர். டிரினிட்டித் தேர்வை கிளாசிக்கல் கிதாரில் எழுதி வென்ற இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வெளியே தெரிந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது வயது எண்பத்தொன்று.

தன்னைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை அவர் ஏற்பதில்லை. அந்த மறுப்பை மதித்து, வயதுவந்தபின் குறியீடு கற்ற ஒரு மாணவராக மட்டும் இங்கே அவரைப் பார்க்கிறோம். ‘அது மேதைமை, நமக்கு வருமா’ என்பார்கள். மேதைமை எங்களுக்குத் தெரியாத பாடம். எங்களுக்குத் தெரிவது வேறு. அவரைச் சுற்றி ஒரு அறை இருந்தது, கட்டணத்தைப் பெரிதாக நினைக்காமல் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியர் இருந்தார், படித்துப் பார்க்கப் புத்தகங்கள் இருந்தன, பகலில் வாசித்துச் சம்பாதிக்க ஒரு தொழில் இருந்தது. இவை நான்கும் இல்லாமல் எத்தனை கைகள் வீணாயின என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு மாணவரும் இருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் பிற்காலத்தில் வயலின் கற்கத் தொடங்கினார். நோயும் வேலையும் நெருக்கிய ஆண்டுகள் அவை. அரசியல் சட்டம் எழுதிய கை, முதல் பாடத்தின் எளிய சுரங்களில் தடுமாறியிருக்கும். கச்சேரிக்காக அவர் கற்கவில்லை. ‘கற்பி’ என்று நமக்குச் சொன்னவர், கற்பதற்கு ஒரு வயது உண்டு என்பதைத் தன் வாழ்க்கையால் ஏற்கவில்லை.

புத்தகத்துக்குள் இருப்பவர்கள்

வயதுவந்தவர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் புத்தகங்கள் அமெரிக்காவில் பெருகின. ஜேம்ஸ் பாஸ்டியனின் வயதுவந்த தொடக்கநிலையாளர் புத்தகம் 1977இல் வந்தது. ஆல்ஃபிரட் பதிப்பகத்தின் வயதுவந்தோர் பாடநூல் 1983இல் வந்தது. எங்கள் பகுதியில் கைமாறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆல்ஃபிரட் புத்தகம்தான்.

அதன் முறை எளிது. முதலில் விரல்களுக்கு எண்: இரு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. அடுத்து, இரண்டு கருப்புக் கட்டைகளின் கூட்டத்தை வைத்து அதற்கு இடப்பக்கமுள்ள ‘சி’யைக் கண்டுபிடிப்பது. பிறகு ஐந்து விரலையும் ஐந்து வெள்ளைக் கட்டைமேல் வைத்து, கையை நகர்த்தாமலே முதல் பாட்டு. சில பக்கங்களில் இடக்கை மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தத் தொடங்கிவிடும். குழந்தைகளின் புத்தகம் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் தூரத்தை இது சில வாரங்களில் கடக்கும். காரணம், வயதுவந்தவருக்குப் படிக்கத் தெரியும், எண்ணத் தெரியும், ஏன் என்று கேட்கத் தெரியும். குழந்தையின் விரல் வேகம் நமக்கு இல்லை. குழந்தைக்கு இல்லாத புரிதல் நமக்கு இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். ‘மைக்கேல், ரோ தி போட் அஷோர்’ இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் துடுப்பு வலித்துக்கொண்டே பாடிய பாட்டு. 1867இல் அடிமைகளின் பாடல்களைத் திரட்டிய முதல் பெருந்தொகுப்பில் அது அச்சேறியது. துடுப்புக்குப் பாட்டு நம் கரைக்குப் புதிதா? ஏலேலோ பாடிய கரைதான் இது. ‘கோ டவுன் மோசஸ்’ இருக்கிறது. விடுதலை கேட்கும் அடிமைகளின் பாட்டு, 1861இலேயே அச்சில் வந்தது. ‘தி என்டர்டெய்னர்’ இருக்கிறது. 1902இல் அதை எழுதிய ஸ்காட் ஜாப்ளின் ஒரு முன்னாள் அடிமையின் மகன். அம்மா வீட்டுவேலை செய்த வெள்ளையர் வீட்டுப் பியானோவில் பழகிய சிறுவன். ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மன் ஆசிரியர் காசு வாங்காமல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வெள்ளையர் கருவி என்று நம்மிடம் சொல்லப்படும் பியானோவின் முதல் புத்தகத்துக்குள் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சொந்தம் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்காவில் அடிமைமுறைக்கு எதிராகப் போராடியவர்களுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின மாணவர்களின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் பணமில்லாமல் தவித்தபோது, 1871இல் அதன் மாணவர்கள் பாடகர் குழுவாகக் கிளம்பித் தம் முன்னோரின் பாடல்களைப் பாடி நிதி திரட்டினார்கள். அந்த மரபில் வந்த ஒரு குழு பின்னர் இந்தியாவுக்கும் வந்து பாடியது. ஃபிஸ்கில் படித்த டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ், 1903இல் எழுதிய ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூலில் அத்தியாயங்களின் தலையில் அந்தப் பாடல்களின் சில சுரங்களை ஐந்துகோட்டில் அச்சிட்டார். சொல் இல்லை, சுரம் மட்டும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது பாடும். 1946இல் அந்த டு பாய்ஸுக்குத்தான் அம்பேத்கர் கடிதம் எழுதினார்.

பறையா, பியானோவா?

இந்த இடத்தில் நம் தோழர்களிடமிருந்தே ஓர் எதிர்ப்பு வரும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று நாம் அறிந்தவர், இந்த எதிர்ப்பை ஆழமாக முன்வைத்தார். கற்கவே காசு கேட்கும் இசை ஏழையைத் தள்ளி நிறுத்துகிறது. கிராமிய இசையோ யாரும் பாடலாம், மாற்றலாம், தன்னுடையதாக்கலாம். ஆகவே வழிபாட்டையே கிராமிய இசைக்கு மாற்றினார். தேவாலயத்துக்குள் ஆங்கில ஞானப்பாட்டும் கர்நாடகக் கீர்த்தனையும் உயர்ந்தவை, நாட்டுப்பாடல் தாழ்ந்தது என்ற வரிசையைக் குலைத்தார்.

அவர் சொன்னதை முழுவதும் ஏற்கிறோம். காசு கேட்கும் வாசல் அநீதியானது என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பரிகாரம் வாசலை உடைப்பதே. உள்ளே இருப்பது நமக்கு வேண்டாம் என்று திரும்பிவிடுவதால் வாசல் அப்படியே நிற்கும்.

பறையின் வரலாறே இதைச் சொல்கிறது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மாட்டோம் என்ற போராட்டத்தை நடத்தினார்கள். சாவுக்கு அடிப்பது நம்மேல் சுமத்தப்பட்ட கட்டாயமாக இருந்தது. பின்னாளில் திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவை அதே பறையைப் பெண்கள் கையில் கொடுத்து விடுதலையின் கருவியாக மேடை ஏற்றின. விட்டதும் நம் முடிவு, எடுத்ததும் நம் முடிவு. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமைதான் இரண்டிலும் பொதுவாக இருந்தது. பியானோவும் அந்த உரிமைக்குள் அடங்கும்.

எங்கள் பகுதியில் பறை அடிக்கும் ஒருவர் கீபோர்டு கற்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தொடக்கநிலைப் பியானோ மாணவர்களை அழவைக்கும் இடம் ஒன்று உண்டு. வலக்கை ஒரு தாளத்திலும் இடக்கை வேறொரு தாளத்திலும் போக வேண்டிய பக்கம். அவர் அதை இரண்டு நாளில் கடந்தார். ‘இது நம்ம அடிதான்ணா. வலது கையில அடிக்குச்சி, இடது கையில சிண்டுக்குச்சி. ரெண்டும் ஒண்ணா போனா பறையே கிடையாது’ என்றார். முப்பது வருடமாக அவர் கை பெற்ற பயிற்சிக்கு எந்த வாரியமும் சான்றிதழ் தந்ததில்லை. அந்தப் பயிற்சி இருக்கிறது என்பதைப் புத்தகத்தின் அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்தது. சுரத்தைப் படிக்கத்தான் அவருக்குச் சிரமம். அதற்கு நேரம் வேண்டும். கூலி வேலை முடிந்து வருகிறவருக்கு நேரம்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது.

என்ன கேட்க வேண்டும்?

2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில், ஐ.டி. நிறுவனங்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட்டுகளும் வந்துவிட்டன. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் பியானோ வகுப்புகளும் வந்துவிட்டன. அரசுப் பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழையும் கற்பிக்கின்றன. சேரும் வயது 12 முதல் 25 வரை. மணலி வழியாக வந்த வயலின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கட்டைக் கருவி ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு வயதுக்காரருக்கும் இடம் இல்லை. ‘இந்த வயசுலயா?’ என்று தெருவில் கேட்கப்படுவதை அரசு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்ட இசைப்பள்ளிகளில் வயது வரம்பில்லாத மாலை வகுப்பு வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் கிளை நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் ஆளுக்கொரு காதுபேசியோடு உட்கார்ந்து பழக 61 கட்டைக் கீபோர்டு ஒன்றாவது வேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் தமிழ் விளக்கத்தோடு நூலகத்தில் இருக்க வேண்டும். பறைக்கும் அதே பள்ளியில், அதே தகுதியுள்ள சான்றிதழோடு, ஆசிரியர் பணியிடம் வேண்டும். இவற்றை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் தீர்மானமாகக் கொண்டுவர முடியும். காரணை மக்கள் நிலத்தைக் கேட்டது யாருடைய கருணையையும் நம்பி அல்ல, 1892 அரசாணையைக் கையில் பிடித்துக்கொண்டு. நாமும் காகிதத்தோடு போவோம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்த் தேவாலயத்திலோ, நண்பர் வீட்டிலோ உறை போட்டு மூடி வைத்த கீபோர்டு ஒன்று நிச்சயம் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து கேட்டு வாங்குங்கள். ஒரு புத்தகம் நால்வருக்குப் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம். முதல் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். உங்கள் அம்மாவையும் உட்கார வையுங்கள். பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பிள்ளைக்காகத் தன் கல்வியை விட்டவர்களுக்கும் பத்து விரல்கள் இருக்கின்றன.